சோர்வா, தளர்வா?

கேள்வி: சென்ற இதழின் தலையங்கத்தில், குடிநீர்த் தொட்டிகளைக் கழுவும் பணியின் மேற்பார்வையில் 'சோர்வு' நேர்ந்ததாக எழுதியிருந்தீர்கள். சோர்வு என்றால் களைப்புதானே? 'தளர்வு' என்றல்லவா இருக்க வேண்டும்? ஆசிரியரே பிழை விடலாமா? (வாசகர் ஒருவர், திண்டுக்கல்)

பதில்: களைப்பு என்பது அச்சொல்லின் பொருள்களுள் ஒன்றுதான், பேச்சு வழக்கில் அது ஒன்றே மிஞ்சியிருப்பதால் மற்றவை பிழையாகிவிடா. கண்ணீர் சோர்ந்தது, கூந்தல் அவிழ்ந்து சோர்ந்தது என்று எழுதும்போது கண்ணீருக்கும் கூந்தலுக்கும் களைப்பு உண்டானதாக யாரும் கொள்வதில்லை. பிடிப்பு விட்டு நழுவுதலே அங்கே பொருள். கைப்பிடி நழுவுவதைப் போலக் கவனம் நழுவினால் அதுவும் சோர்வு. மறவாமையை வற்புறுத்தும் பொச்சாவாமை அதிகாரத்தின் முதற்குறள், மிகுந்த மகிழ்ச்சியால் வரும் சோர்வு அளவு கடந்த சினத்தினும் தீது என்கிறது. சொல்வன்மை அதிகாரமோ 'காத்தோம்பல் சொல்லின்கட் சோர்வு' என்று எச்சரிக்கிறது. பேசிப் பேசி அலுத்துப்போகாதே என்பதா அதன் பொருள்?

நீங்கள் பரிந்துரைக்கும் 'தளர்வு' இவ்விடத்தில் பொருந்தவே பொருந்தாது. முதுமையால் வரும் தளர்ச்சியிலும் குழந்தையின் தளர்நடையிலும் குற்றம் இல்லை. அரசு வழக்கிலோ, அதிகாரம் உடையவர் தாமே அறிந்து கட்டுப்பாட்டை இளக்குவது தளர்வு. 2021 மே 24 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த 'தளர்வுகளற்ற முழு ஊரடங்கை' நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். மேற்பார்வையில் தளர்வு என்று எழுதியிருந்தால், தொட்டிகளைக் கழுவ வேண்டாம் என்று மேலிடமே சலுகை அளித்துவிட்டதாக ஆகியிருக்கும். தொய்வு என்றாலும் சரிவராது: கொடிக்கயிறு தொய்வதுபோல வேலையின் வேகம் குறைவதை அது காட்டுமே தவிர, பார்க்க வேண்டியவர் பாராதிருந்ததைக் காட்டாது. நெகிழ்வின் கதை வேறு. பிரிவால் மெலிந்த தலைவியின் தோள் நெகிழ்ந்ததைக் குறள் துயரமாகச் சொல்ல, இன்று நாம் நெஞ்சு நெகிழ்ந்ததாகப் பாராட்டுரை வழங்குகிறோம்.

ஆனாலும் அந்தத் தலையங்கத்தில் ஒரு குறை உண்டு. நீங்கள் சுட்டியது அதுவன்று. தொட்டியின் மேல் ஏறிப் பாராமலே பதிவேட்டில் மாதந்தோறும் கையெழுத்திட்டவர்களின் செயலை, அறியாமல் நழுவும் பிழைக்குரிய சொல்லால் குறித்தது எங்கள் தாட்சண்யம். 'மெத்தனம்' என்றே எழுதியிருக்க வேண்டும்.