எஃப்-150: பெரிய கேபினா, நீளமான தொட்டியா?

அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக் வாங்கப் போகிறீர்கள், கைக்குழந்தையும் உண்டு, வார இறுதியில் மரவேலையும் உண்டு, ஆட்கள் உட்காரும் கேபின் பெரிதாக உள்ளதா, பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டி நீளமாக உள்ளதா, எதை எடுப்பது என்கிறீர்கள். பெரிய கேபினையே, அதாவது நான்கு முழுக் கதவுள்ள சூப்பர்க்ரூவையே எடுங்கள்.

அதைவிடச் சிறிய கேபினான சூப்பர்கேபில் முன்கதவைத் திறந்தால்தான் பின்கதவு திறக்கும், அதுவும் எதிர்ப்பக்கமாக. நெருக்கமான பார்க்கிங்கில், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த இரண்டு கதவுக்கும் நடுவில் நின்று பாருங்கள், புரியும்.

சரி, பலகை? சூப்பர்க்ரூவில் வழக்கமாக வருவது ஐந்தரை அடித் தொட்டி. பின்மூடியை இறக்கிவிட்டால் இன்னும் சுமார் 2 அடி கிடைக்கும். 8 அடி ப்ளைவுட் அரை அடி போல வெளியே நீட்டும். கயிறு போட்டு இறுக்கிக் கட்டினால் போதும். தினமும் பலகை ஏற்றுபவர் என்றால் வேறு பேச்சு.

சூப்பர்க்ரூவிலேயே ஆறரை அடித் தொட்டியும் கிடைக்கிறது. ஆனால் வண்டி 20 அடியைத் தாண்டிவிடும். முதலில் கராஜை அளந்துவிடுங்கள்.