பட்டறைக்கு சிஎன்சி வருகிறது, என் வேலை நிற்குமா?

கேள்வி: வயது 39, ஊர் காரிமங்கலம். பத்தாவது பாஸ். ஓசூரில் ஒரு பட்டறையில் 16 வருடமாக லேத் ஓட்டுகிறேன். கம்ப்யூட்டர் புரோகிராம்படி தானாகக் கடையும் சிஎன்சி மெஷின் இரண்டை முதலாளி வாங்குகிறார். டிப்ளமோ பையன்களை எடுக்கப் போவதாகப் பேச்சு. நான் என்ன செய்வது?

பதில்: முதலாளியிடம் நாளைக்கே ஒன்று கேளுங்கள்: புது மெஷினுக்கு செட்டிங் யார்? சிஎன்சி வந்த இடத்தில் வேலை இரண்டாகப் பிரிகிறது. புரோகிராம் போட்டு, வெட்டும் டூலின் அளவை (டூல் ஆஃப்செட்) மெஷினுக்குக் கொடுத்து, முதல் ஜாப்பை, அதாவது கடைந்த பாகத்தை, அளந்து சரிபார்ப்பவர் செட்டர். ஜாப்பை மாட்டிப் பட்டனைத் தட்டுபவர் வெறும் ஆபரேட்டர். செட்டரின் சம்பளம் ஏறிக்கொண்டே போகும். ஆபரேட்டர் இடத்துக்குக் காண்டிராக்டில் யார் வேண்டுமானாலும் வரலாம். ஒரே கூரைக்குள் ஏற்றத்தாழ்வு இப்படித்தான் வளர்கிறது. பயிற்சி யாருக்குக் கிடைக்கிறது என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது. வயது கூடியவர்களைப் பயிற்சிக்குக் கூப்பிடாமலே விட்டுவிடுகிறார்கள். இது பெரிய அநியாயம், முதலாளிக்கும் நஷ்டம். டிராயிங் படிப்பது, மைக்ரோமீட்டர் பிடிப்பது, எந்த உலோகத்துக்கு என்ன வேகம் என்பதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே கைவந்தது. சிஎன்சி புரோகிராம் என்பது சின்னச் சின்னக் கட்டளைகள்தான்: ஜி00 என்றால் வேகமாக நகர், ஜி01 என்றால் வெட்டிக்கொண்டே நேராகப் போ, எம்03 என்றால் ஸ்பிண்டிலைச் சுற்று. உங்களால் இதைப் பழகிவிட முடியும்.

அப்புறம் சான்றிதழ். மூன்று வருட அனுபவம் உள்ள தொழிலாளர்கள் ஐடிஐ மாணவர்கள் எழுதும் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுத வழி இருக்கிறது. டர்னர் (லேத் கடைசல்) பிரிவுக்கு அறிவிப்பு எப்போது என்று அரசு ஐடிஐயில் விசாரியுங்கள்.

பட்டறையில் என்ன பாகம் கடைகிறீர்கள் என்பதையும் பாருங்கள். மின்சார ஸ்கூட்டரில் பிஸ்டனும் கிராங்க் ஷாஃப்டும் கிடையாது. ஓசூரில் ஏதர், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா என்று மின்சார ஸ்கூட்டர் ஆலைகள் வந்து மாவட்டமே அந்தத் திசையில் போகிறது. இன்ஜின் பாகத்தை மட்டும் நம்பியிருக்கும் பட்டறைக்கு மெஷின் புதிதானாலும் ஆர்டர் குறையலாம்.

ஆட்குறைப்பு என்றே வந்தாலும் வெறுங்கையோடு வெளியே வராதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின்படி ஒரு மாத நோட்டீஸ், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் தர வேண்டும். உங்களுக்கு அது 240 நாள் சம்பளம். வேறு வேலை கற்றுக்கொள்ள உதவும் மறுதிறன் நிதியாக இன்னும் 15 நாள் சம்பளம் உண்டு. கிராஜுவிட்டி தனி. பிஎஃப் பாஸ்புக்கையும் சம்பளச் சீட்டுகளையும் இப்போதே எடுத்து வையுங்கள். "நானாக விலகுகிறேன்" என்று எழுதிக் கேட்டால் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால் ஆட்குறைப்பு இழப்பீடு போய்விடும்.