வெடிமருந்து கெட்டிக்கும் ரைஃபிள்: வாங்கும் முன் சில கேள்விகள்

கேள்வி: அண்ணே, பென்சில்வேனியாவுக்குப் புதுசா குடிவந்திருக்கேன். கிறிஸ்துமஸ் கழிஞ்சு வர்ற மான் சீசனுக்குப் பழைய பாணி ரைஃபிள் வாங்கணும். கேப் (தட்டினா தீப்பிடிக்கிற சின்ன மூடி) வெச்சுச் சுடுற ஹாக்கன்ங்கிற பழைய ரக மாடல் ஒண்ணு மலிவா வருது, எடுக்கலாமா?

பதில்: பொறுங்க தம்பி. 1974ல ஆரம்பிச்ச அந்த சீசனே ஃப்ளின்ட்லாக்குக்காக, அதாவது கல் உரசுற பொறியில சுடுற துப்பாக்கிக்காக வந்ததுதான். சக்கிமுக்கிக் கல் பூட்டு, .44 அங்குலத்துக்குக் குறையாத குழல் விட்டம், ஸ்கோப் கூடாது. கேப் துப்பாக்கின்னா அக்டோபர்ல வர்ற மஸில்லோடர் (குழல் வாய் வழியா கெட்டிக்கிற துப்பாக்கி) சீசனுக்கு ஆகும். முதல்ல வேட்டை விதி போடுற மாநில கேம் கமிஷனோட இந்த வருஷ விதிகளைப் படிங்க, அப்புறம் கடைக்குப் போங்க.

கேள்வி: .50 போதுமா, .54 வேணுமா?

பதில்: வெள்ளைவால் மானுக்கு .50 தாராளம். அதுக்குப் போடுற .490 அங்குல ஈய உருண்டை சுமார் 177 கிரெயின் எடை (ஒரு கிராமுக்குச் சுமார் 15 கிரெயின்). .54ன்னா 225 கிட்ட வரும். எல்க்ங்கிற பெரிய மான் மேல ஆசை இருந்தா அதை எடுங்க, இல்லாட்டி ஈயமும் மருந்தும் மிச்சம்.

எல்லாரும் குழல் அளவையே கேக்குறீங்க, உள்ள குண்டைச் சுழல வைக்கிற வரிகளோட முறுக்கை யாரும் கேக்கிறதில்லை. துணி சுத்தின உருண்டைக்கு 60, 70 அங்குலத்துக்கு ஒரு சுற்றுன்னு மெதுவான முறுக்குதான் சுகம். 48 அங்குலம்னா உருண்டையும் போகும், நீளக் குண்டும் ஓரளவு போகும். 28 அங்குலம்னா அது பிளாஸ்டிக் உறைக் குண்டுக்கு வெட்டினது. அதுல மருந்தை ஏத்தி உருண்டையைச் சுட்டா வரியைப் பிடிக்காம வழுக்கிட்டு எங்கயோ போய் அடிக்கும். எந்த முறுக்கானாலும் உருண்டையை நம்பி 75 கஜத்துக்கு மேல நான் விசையை இழுக்க மாட்டேன். வேகம் அவ்வளவு சீக்கிரம் செத்துப்போகும்.

கேள்வி: ஃப்ளின்ட்லாக் 'சட்'னு அடிச்சு, கொஞ்சம் கழிச்சுத்தான் 'டுமீல்'ங்குதாமே?

பதில்: பாதி நேரம் அது கெட்டிக்கிறவர் கைவேலை சார். பூட்டுல பொறி விழுற கிண்ணத்துல மருந்தைக் குவிச்சு, குழலுக்குள்ள போற துளையை மூடினா, அது திரி மாதிரி எரிஞ்சுதான் உள்ள போகும். பாதிக்கும் குறைவா போட்டு, துளையை ஒரு கம்பியால குத்தித் திறந்து விடுங்க. கிண்ணத்து நெருப்பு நேரா உள்ள பாயும், ரெண்டு சத்தமும் ஒண்ணாக் கேக்கும். கல் மழுங்கியிருந்தாலும் பொறி வராது. தூறல்ல கிண்ணத்து மருந்தை அடிக்கடி மாத்துங்க.

கேள்வி: எங்க ஊர்க் கடையில பைரோடெக்ஸ்ங்கிற கருமருந்து மாற்றுதான் கிடைக்குது.

பதில்: கேப் துப்பாக்கிக்குச் சரி. ஃப்ளின்ட்லாக் பொறிக்கு அது லேசுல பத்தாது, அசல் கருமருந்தே வேணும். இப்போதைய தோட்டாக்கள்ல இருக்கிற புகையில்லா மருந்தை மட்டும் தொடவே தொடாதீங்க, குழலே வெடிச்சுடும்.

கேள்வி: நான் இடதுகைப் பழக்கம்.

பதில்: இடப்பக்கம் பூட்டு வெச்ச மாடலாப் பாருங்க. இல்லேன்னா கிண்ணத்து நெருப்பு முகத்துப் பக்கம் வரும். கண்ணாடி எப்படியும் போடணும். இன்னொண்ணு, பூட்டு இருக்கிற பக்கம் யாரையும் நிக்க விடாதீங்க. துளையிலிருந்து நெருப்பு பக்கவாட்டுல பீச்சும்.