சைலன்சரை லேத் பட்டறையில் கொடுக்கலாமா?

கேள்வி: வண்டிப்பெரியாரில் ஏலத்தோட்டம் வைத்திருக்கிறேன். அப்பா இறந்த பிறகு அவருடைய பாயின்ட் டூ டூ ரைஃபிளுக்கு என் பெயரில் லைசென்ஸ் வாங்கிவிட்டேன். ரைஃபிள் பெட்டிக்குள், சுடும் சத்தத்தைக் குறைக்கக் குழல் முனையில் மாட்டும் சைலன்சர் ஒன்றும் இருந்தது. மாட்டிச் சுட்டால் குறி தள்ளிப் போகிறது. முன்துளை ஓரத்தில் ஈயம் உரசிய கோடு தெரிகிறது. கம்பத்தில் தெரிந்த பட்டறை இருக்கிறது. “வெறும் குழாய்தானே, நம்பர்கூட இல்லை” என்கிறார் நண்பர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இனி அதை ரைஃபிளில் மாட்டவும் வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் குண்டு உள்ளே இருக்கும் தடுப்பிலோ முன்துளையிலோ உரசுகிறது. அடுத்த குண்டு எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. தோட்டத்தில் ஆட்கள் வேலை செய்கிறார்கள்.

உங்கள் நண்பர் நினைப்பது தவறு. 1959 ஆயுதச் சட்டத்தின் 2வது பிரிவு, சுடும் சத்தத்தைக் குறைக்கும் துணைக்கருவியையும் ‘துப்பாக்கி’ என்ற சொல்லுக்குள் சேர்த்திருக்கிறது. ஆகவே அந்தக் குழாய்க்கே தனியாக லைசென்ஸ் வேண்டும். முதலில் லைசென்ஸ் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். ரைஃபிள் நம்பர் மட்டும் எழுதியிருந்தால் சைலன்சருக்கு அனுமதி இல்லை. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, 2 முதல் 5 ஆண்டு வரை சிறை.

பட்டறைக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். உரிமம் இல்லாமல் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பது, தயாரிப்பதோடு சேர்த்து ஒரே பிரிவில் வருகிறது. குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். விவரம் தெரியாத பட்டறைக்காரர் அதில் மாட்டுவார், கொடுத்த நீங்களும் உடந்தையாவீர்கள். குமுளி செக்போஸ்ட்டில் வண்டியைச் சோதித்தால் அங்கேயே கைதுதான். பெரியாறு புலிகள் காப்பகம் பக்கத்தில் இருக்கும்போது, சைலன்சரைப் பார்க்கும் வனத்துறைக்கு முதலில் வேட்டை நினைப்புதான் வரும்.

அப்பாவின் பொருளைத் தூக்கிக் கொடுக்க மனம் வராது, புரிகிறது. ஆனால் குணவந்த்லால் வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றம், ஆயுதம் தன்னிடம் இருப்பதை அறிந்து வைத்திருப்பதுதான் குற்றமாகும் என்றது. பெட்டியில் என்ன இருந்தது என்று தெரியாத வரைக்கும் உங்களுக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. மாட்டிச் சுட்ட பிறகு அதைச் சொல்ல முடியாது.

சைலன்சரைப் பிரிக்காதீர்கள், ராவாதீர்கள், ஆற்றில் வீசாதீர்கள். வீசினால் தடயத்தை மறைத்தீர்கள் என்று இன்னொரு வழக்கு சேரும். கிடைத்தபடியே துணியில் சுற்றிப் பூட்டிவையுங்கள். இந்த வாரமே பீருமேடு பக்கம் ஒரு கிரிமினல் வக்கீலைப் பாருங்கள். பெட்டி எப்படிக் கைக்கு வந்தது என்று தேதியோடு அவரிடம் சொல்லி, அவர் மூலமாக மனு எழுதி, அவரோடு போய் ஸ்டேஷனில் ஒப்படையுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

ஒப்படைத்தால் குற்றம் தானாக அழிந்துவிடாது. என்றாலும் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்ததற்கு வழக்குத் தொடர, 39வது பிரிவுப்படி மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும். தானாக வந்து ஒப்படைத்தவர் என்பதை அந்த அலுவலகம் பார்க்கட்டும். மனுவின் நகலையும் ரசீதின் நகலையும் அங்கேயும் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கிவிடுங்கள்.