கணவர் அடிக்கவில்லை, பேச்சு மட்டும்தான் என்றாலும் உடம்பு கெடுமா?

கெடும். கணவர் ஒரு நாளும் கை நீட்டியதில்லை, ஆனால் தினமும் மட்டம் தட்டிப் பேசுகிறார், தலைவலி வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் எல்லா டெஸ்டும் நார்மல் என்கிறார்கள், அப்படியென்றால் இது என் கற்பனையா என்று கேட்டிருக்கிறீர்கள். கற்பனை இல்லை. நான் டாக்டர் இல்லை, ஆனால் என் அக்காவுக்கு இதே கதை நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது மேலூர்ப் பக்கம். மாமா குடிக்க மாட்டார், ஊருக்குள் நல்ல பேர். வீட்டுக்குள் மட்டும் குழம்பில் ஆரம்பித்துப் பிள்ளையின் மார்க் வரைக்கும் ‘உனக்கு என்ன தெரியும்’, ‘உங்க வீட்ல வளத்த லட்சணம்’ என்று ஓடிக்கொண்டே இருக்கும். கோபம் வந்தால் வாரக்கணக்கில் முகம் கொடுத்துப் பேச மாட்டார். ராத்திரி அவர் பைக் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டதும் அக்காவின் கை தானாக வயிற்றைப் பிடிக்கும், ஏற்கெனவே உப்புப் பார்த்த குழம்பை இன்னொரு தடவை உள்ளங்கையில் விட்டுப் பார்ப்பாள். ஸ்கேன், எண்டோஸ்கோபி, கேஸ் மாத்திரை எல்லாம் ஆயிற்று. சித்திரைத் திருவிழாவுக்குச் செல்லூரில் அம்மா வீட்டுக்கு வந்தால் மட்டும் வலி இருக்காது, பரோட்டா சால்னா சாப்பிட்டாலும் ஒன்றும் செய்யாது. ஊருக்குக் கிளம்புகிற அன்று காலையிலேயே ஆரம்பித்துவிடும்.

பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின், கார்ட்டிசால் என்கிற ஹார்மோன்கள் ஏறும். தெருநாய் துரத்தினால் ஓடுவதற்கு அது வேண்டும், நாய் போனதும் இறங்கிவிடும். எந்த நேரம் என்ன சொல்வாரோ என்று நாள் முழுக்கக் காத்திருக்கிறவருக்கு அது சரியாக இறங்குவதே இல்லை. தூக்கம் கெடுகிறது, பிரஷரும் சுகரும் ஏறுகின்றன, கழுத்தும் தோளும் இறுகித் தலைவலி வருகிறது. குடலுக்கும் மூளைக்கும் நேரடி நரம்புத் தொடர்பு இருப்பதால் புண் எதுவும் இல்லாமலே வயிறு வலிக்கும். ரிப்போர்ட் நார்மல், வலியும் நிஜம். அமெரிக்காவில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தம்பதிகளின் கையில் சின்னக் கொப்புளப் புண் உண்டாக்கி எப்படி ஆறுகிறது என்று பார்த்தார்கள். 2005ல் முடிவு வந்தது: ஒருவரையொருவர் கடுகடுப்பாகப் பேசிக்கொள்ளும் தம்பதிகளுக்குப் புண் ஆறிய வேகம் மற்றவர்களுடையதில் சுமார் 60 சதவீதம்தான்.

மனசு கெடுவது இதைவிட மெதுவாக, வெளியே தெரியாமல் நடக்கும். தன் புத்தி மேலேயே நம்பிக்கை போய்விடும். விளக்குத்தூணில் சேலை எடுக்கப் போனால் அக்கா எந்தக் கலர் என்று முடிவு பண்ண முடியாமல் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்ப்பாள், பத்தாவதில் பள்ளியிலேயே முதல் மார்க் வாங்கியவள் அவள். அப்புறம் மனச்சோர்வு, காரணமில்லாத படபடப்பு, யாரையும் பார்க்கப் பிடிக்காமல் போவது. இதற்கு நடுவில் சொந்தக்காரர்கள் வேறு, ‘குடிக்கிறாரா, அடிக்கிறாரா, என்னத்த கொறச்சல்?’ என்பார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அந்தக் கேள்வி மேல்தான்.

பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து யோசியுங்கள். சின்ன வயதில் வீட்டில் இப்படிப்பட்ட கசப்பான அனுபவங்கள் கூடக்கூட, பெரியவர்களான பிறகு மனச்சோர்வும் இதய நோயும் கூடுகின்றன என்று 1998ல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

சரி, என்ன செய்யலாம்? அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது வலியோடு நிறுத்தாமல் வீட்டில் நடப்பதையும் சொல்லுங்கள், அதே சமயம் பிரஷர், தைராய்டு பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். அக்காவுக்குத் தெளிவு வந்தது நம்ம மதுரைப் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் உட்கார்ந்து பேச ஆரம்பித்த பிறகுதான். போக முடியாவிட்டால் 14416, டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். பெண்கள் உதவிக்கு 181. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம், அவமானப்படுத்துவதையும் பிள்ளை இல்லை என்று குத்திக்காட்டுவதையும் பேர் சொல்லி வன்முறை என்கிறது. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். அடித்த தழும்பைக் காட்ட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உங்கள் போனை அவர் எடுத்துப் பார்ப்பவர் என்றால் மட்டும், அம்மா போனிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ கூப்பிடுங்கள்.