டாசிட்டஸின் 'அன்னல்ஸ்': கேட்டதும் சொன்னதும்

கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டாசிட்டஸ் லத்தீனில் எழுதிய ரோம வரலாறு பற்றி வந்த கேள்விகள், என் பதில்கள்.

கே: சார், ரோம வரலாறே தெரியாது. நேராக இதைப் படிக்கலாமா?

ப: தாராளமாக. பெயர்கள்தான் தலையைச் சுற்றவைக்கும். அரச குடும்பத்து வம்சாவளி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பேரரசன் அகஸ்டஸ் கி.பி. 14இல் சாவதில் தொடங்கி, ஆண்டு ஆண்டாகப் பேரரசன் நீரோ வரை போகும்.

கே: என் பிரதியில் கலிகுலாவைக் காணோமே?

ப: பிரதியில் குறையில்லை அம்மா. பேரரசன் கலிகுலா வரும் 7 முதல் 10 வரையான பாகங்கள் உலகத்திலேயே இல்லை. முதல் ஆறு பாகங்கள் (அதிலும் ஐந்தாவதில் பெரும்பகுதி போச்சு) தப்பியது ஒரே ஒரு 9ஆம் நூற்றாண்டுக் கைப்பிரதியால். அது இப்போது ஃபுளோரன்ஸில் இருக்கிறது. அதுவும் போயிருந்தால், அந்த ஆறு பாகங்களில் வரும், அகஸ்டஸுக்கு அடுத்த பேரரசன் திபேரியஸையும் தேடிக்கொண்டிருப்போம்.

கே: ரோம் எரிந்தபோது நீரோ பிடில் வாசித்ததை எழுதியவர் இவர்தானே?

ப: பிடில் என்ற வாத்தியமே அப்போது கிடையாது! கி.பி. 64இல் தீ பிடித்தபோது நீரோ ரோமில் இல்லை, ஆன்ட்டியம் என்ற ஊரில் இருந்தான் என்கிறார். திரும்பி வந்து, வீடிழந்தவர்களுக்குத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டான், தானிய விலையைக் குறைத்தான். இவ்வளவும் சொல்லிவிட்டு, ஊர் எரியும்போதே அவன் மேடையேறி டிராய் நகரத்து அழிவைப் பாடினான் என்று பேச்சு பரவியதாக ஒரு வரி போடுகிறார். பாடினான் என்று அவர் சொல்லவில்லை, கவனியுங்கள். ஆனால் நம் மனதில் நிற்பது பாட்டுதான். இந்த வித்தையை நூல் முழுக்கச் செய்வார்.

கே: 'கோபமும் சார்பும் இல்லாமல் எழுதுகிறேன்' என்று தொடங்கிவிட்டு இப்படியா? அப்போது எதையும் நம்பக் கூடாதா அண்ணா?

ப: அவசரம் வேண்டாம் தம்பி. திபேரியஸ் விஷயத்தில் அவர் நியாயமாக இல்லை என்பதுதான் என் எண்ணமும். அவன் நல்லது செய்தாலும் நடிப்பு என்பார். ஆனால் 1528இல் லியோனில் ஒரு வெண்கலப் பலகை கிடைத்தது. கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பக்கம்) நாட்டுப் பிரமுகர்களை ரோமின் ஆட்சி மன்றமான செனட்டில் சேர்க்கச் சொல்லி கி.பி. 48இல் பேரரசன் கிளாடியஸ் பேசிய பேச்சு அதில் இருக்கிறது. வளவளவென்று பழங்கதைக்குப் போய், நடுவில் தன்னையே பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பேச்சு எங்கே போகிறது என்று சொல்லும் நேரம் வந்துவிட்டது என்கிறான்! டாசிட்டஸ் தரும் அதே பேச்சில் அந்த அசடு எதுவும் கிடையாது; சாரம் இருக்கிறது, நடை முழுக்க அவருடையது.

கே: கோவைப் பக்கம் திபேரியஸ் காசுகள் கிடைத்திருக்கின்றன. இந்தியா இதில் வருகிறதா?

ப: நம் பெயர் வராது. ஆனால் மூன்றாம் பாகத்தில், பெண்களின் ரத்தினங்களுக்காக ரோமின் பணம் அந்நியரிடமும் பகைவரிடமும் போகிறதே என்று திபேரியஸ் செனட்டுக்கு எழுதிப் புலம்புகிறான். கொங்கு மண்ணில் கிடைத்த அவன் வெள்ளிக் காசுகளை நினைத்துக்கொண்டு அந்தக் கடிதத்தைப் படித்துப் பாருங்கள்.

கே: ஒரே ஒரு பகுதி படிக்க நேரமிருந்தால்?

ப: நான்காம் பாகம், கிரெமூஷியஸ் கோர்டஸ் வழக்கு. தன் வரலாற்று நூலில், ஜூலியஸ் சீசரைக் கொன்றவர்களில் புரூட்டஸைப் புகழ்ந்தார், காசியஸைக் கடைசி ரோமன் என்றார், குற்றம் அவ்வளவுதான். செனட்டில் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பட்டினி கிடந்து செத்தார். நூல்களை எரிக்க உத்தரவு. ஒளித்துவைத்த பிரதிகள் பிறகு வெளிவந்தன. அவர் பேசும்போது திபேரியஸின் முகம் கடுகடுவென்று இருந்ததாக மட்டும் ஒரு குறிப்பு வரும். அவன் வாய் திறப்பதில்லை.