62 சதவீதமா? வரவு செலவைக் காட்டச் சொல்லுங்கள்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் டின் டப்பாக்களை வைத்து ஸ்டிர்லிங் எஞ்சின் செய்யப்போகிறான். உள்ளே அடைத்த காற்றை வெளியிலிருந்து சூடாக்கியும் குளிரவைத்தும் ஓட்டும் எஞ்சினாம். அதற்கு முன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கிறான். சூடான பக்கம் 300 டிகிரி, குளிர்ந்த பக்கம் 30. செயல்திறன் 62 சதவீதம் என்று வருகிறதாம். தலைகால் புரியாமல் குதிக்கிறான். நம்பலாமா?
– ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: குதிப்பதைக் கொஞ்சம் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள் அம்மா. செயல்திறன் என்பது உள்ளே போகும் வெப்பத்தில் எத்தனை பங்கு வேலையாக மாறுகிறது என்பது. கெல்வின் அளவுக்கு மாற்ற, இரண்டு வெப்பநிலையோடும் 273-ஐக் கூட்டினால் 573, 303. 303-ஐ 573-ஆல் வகுத்து, வந்ததை ஒன்றிலிருந்து கழித்தால் 47 சதவீதம். பிரெஞ்சு பொறியாளர் கார்னோ 1824-இல் போட்ட எல்லைக்கோடு இது. இந்த இரண்டு வெப்பநிலைக்கு நடுவே ஓடும் எந்த எஞ்சினும் இதைத் தாண்டாது.

அப்படியானால் 62 எங்கிருந்து வந்தது? என் சந்தேகம் ஃப்ளைவீல் மேல், அதாவது எஞ்சினைச் சீராக ஓடவைக்கும் கனமான சக்கரத்தின் மேல். தொடக்கத்தில் அதைச் சுற்றிவிட்டிருப்பான்; அந்தச் சுழற்சி தீரத் தீர, அதையும் எஞ்சின் செய்த வேலையாகக் கணக்கில் ஏற்றியிருப்பான். வேகம் சுற்றுக்குச் சுற்று மாறாத நிலை வந்த பிறகுதான் அளக்க வேண்டும். அப்போது உள்ளே வந்த வெப்பம் = செய்த வேலை + வெளியே போன வெப்பம். பால்காரர் கணக்கு மாதிரி பைசா சுத்தமாக நேராக வேண்டும். நேராகவில்லையென்றால், கம்ப்யூட்டர் ஒவ்வொரு படியாகக் கணக்கிடும் நேர இடைவெளியைப் பாதியாக்கி ஓட்டட்டும். விடை மாறினால் குற்றம் அங்கேதான்.

திறனுக்கு, அதாவது நொடிக்கு எவ்வளவு வேலை என்பதற்கு வருவோம். பீன்யாவில் ஒரு பட்டறையில் எஞ்சின் சோதனை மேடையில்தான் என் பாதி ஆயுள் போனது. சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி, ஒரு முனையில் எடைக்கல், மறுமுனையில் ஸ்பிரிங் தராசு. அந்தக் கயிறுதான் பிரேக்; எஞ்சினுக்கு அதுதான் சுமை. சூடு தாங்காமல் கயிறு கருகும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்போம். அந்த வாடை இன்னும் மூக்கிலேயே நிற்கிறது. சுமை இல்லாமல் எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் வெளியே கிடைக்கும் திறன் பூஜ்யம். சுமை தாங்காமல் நின்றுபோனாலும் பூஜ்யம். நடுவில் எங்கோ உச்சம் இருக்கிறது. கம்ப்யூட்டரிலும் ஒரு பிரேக்கைப் போட்டு, சுமையைச் சிறிது சிறிதாக ஏற்றி அந்த உச்சத்தைத் தேடட்டும்.

இன்னொன்று. காற்றழுத்தத்தை 1013 மில்லிபார் என்று போட்டிருப்பான்; பாடப்புத்தகப் பழக்கம். நம் ஊர் கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. 910 என்று போடச் சொல்லுங்கள்.

அப்புறம் நிஜ எஞ்சினைச் செய்து முடித்ததும் கயிற்றுக்குப் பதில் நூல் போதும். 2 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரம், இரு முனைகளுக்கும் இடையே 20 கிராம் வித்தியாசம், நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் கிடைப்பது கால் வாட். கீழே எரியும் மெழுகுவத்தியோ ஏறக்குறைய 80 வாட் வெப்பம் தரும். ஆக, செயல்திறன் 0.3 சதவீதம். இதை இப்போதே மெதுவாக அவன் காதில் போட்டுவையுங்கள்.